மூல ஒலிநாடா யார் கையில்? டெட்ராய்ட் டெக்னோவில் மறுகலவையும் அசல்தன்மைச் சர்ச்சையும் (1976–2000)

ஆய்வுச் சுருக்கம்

நிலத்தடி மின்னணு இசைக்கலைஞர்கள் வெகுசனக் குழுக்களின் பாடல்களை மறுகலவை செய்வது, அவ்விசை வட்டங்களுக்குள் நெடுங்காலமாகச் சர்ச்சைக்குரியதாக இருந்து வருகிறது. இச்சர்ச்சை பெரும்பாலும் 'தூய்மை', 'விலைபோதல்' ஆகிய சொற்களால் நடத்தப்பட்டது. டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழு தொடர்புடைய இரு நிகழ்வுகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது: 1999இல் எழுந்த 'ஜாகுவார்' விவகாரமும், 2000இல் வெளிவந்த கிராஃப்ட்வெர்க் மறுகலவையும். வெகுசன இசையைத் தொடலாமா என்பதைவிட, ஒலிப்பதிவின் மீது யாருக்கு அதிகாரம் என்பதே இச்சர்ச்சையின் உட்பொருள் என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: மறுகலவை, டெக்னோ, டெட்ராய்ட், அசல்தன்மை, பதிப்புரிமை, கிராஃப்ட்வெர்க்

முன்னுரை

1999ஆம் ஆண்டின் இறுதியில், டெட்ராய்ட் நகரில் இயங்கிய அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் (இனி யு.ஆர்.) என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனம், சோனி நிறுவனத்தின் ஜெர்மானியக் கிளையோடு மோதியது. தான் வெளியிட்ட 'ஜாகுவார்' என்னும் இசைப்பதிவைத் தன் இசைவின்றி மறுபதிவு செய்து விற்க அக்கிளை முற்பட்டதே காரணம். டெக்னோ இசை ஆர்வலர்கள் பல நாடுகளிலிருந்தும் யு.ஆர். பக்கம் நின்றனர். அடுத்த ஆண்டின் இறுதிக்குள், ஜெர்மனியின் புகழ்பெற்ற கிராஃப்ட்வெர்க் குழுவின் 'எக்ஸ்போ 2000' பாடலுக்கு ஒரு மறுகலவைத் தொகுப்பு வெளிவந்தது. வெளியிட்டது மற்றொரு பெருநிறுவனமாகிய இ.எம்.ஐ. மறுகலவை செய்தோர் பட்டியலில் யு.ஆர். இருந்தது. 'ஜாகுவாரை' உருவாக்கிய டி.ஜே. ரோலாண்டோவின் பெயரும் இருந்தது.

இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு முதலில் தோன்றுவது முரண்பாடே. பெருநிறுவனத்தின் கை தன் இசைமேல் படக்கூடாது என்று போராடியவர்கள், பெருநிறுவனத்தின் பாடலில் தாமே கைவைத்தது எப்படி? இக்கட்டுரையாளரும் ஆய்வின் தொடக்கத்தில் இதை ஒரு சமரசமாகவே குறித்துவைத்தார். அக்குறிப்பு தவறு என்பதை உணர, இருபத்தைந்து ஆண்டுக் கால மறுகலவை வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

சொல்லும் பொருளும்

'ரீமிக்ஸ்' என்னும் சொல் தமிழருக்குத் திரையிசை வழியே அறிமுகமானது. 'சொர்க்கம்' (1970) படத்தின் 'பொன்மகள் வந்தாள்' பாடல், 'அழகிய தமிழ் மகன்' (2007) படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் மீண்டும் ஒலித்தபோது அதை ரீமிக்ஸ் என்றே வழங்கினோம். பழைய பாடலைப் புதிய குரலில், புதிய வாத்தியங்களோடு மீண்டும் பதிவதும் நம் வழக்கில் ரீமிக்ஸ்தான். இசைத்தொழிலின் நோக்கில் இது வேறு செயல். இதை இக்கட்டுரை 'மறுபதிவு' என்று குறிக்கும்.

'மறுகலவை' என்பது மூல ஒலிப்பதிவையே கையில் எடுத்துக்கொள்வது. ஒரு பாடலைப் பதியும்போது குரல், தாளம், பாஸ் கித்தார், நரம்புக் கருவிகள் ஆகியவை தனித்தனித் தடங்களாக ஒலிநாடாவில் அமைகின்றன. அவற்றை ஒன்றோடொன்று கலந்து, அளவு பார்த்து, இரு தடங்களாக ஆக்கியதே நாம் கேட்கும் பாடல். அந்தத் தடங்களுக்கே திரும்பிச் சென்று, சிலவற்றை நீக்கி, சிலவற்றை நீட்டி, புதியவற்றைச் சேர்த்து மீண்டும் கலப்பது மறுகலவை. இதற்குப் பல்தட ஒலிநாடா வேண்டும். அது நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும். ஆகவே, நிறுவனம் கொடுத்தால் அன்றி முறையான மறுகலவை இல்லை. மறுபதிவுக்கோ ஒலிநாடா தேவையில்லை. கேட்கும் செவியும் வாசிக்கும் கையும் போதும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாமல் 'ஜாகுவார்' விவகாரத்தைப் புரிந்துகொள்ள இயலாது. மேலும் ஒன்று: இவ்விசையில் 'தயாரிப்பாளர்' என்பவர் பணம் போடும் முதலாளி அல்லர். சிந்தசைசரையும் தாள இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு ஒலியை உருவாக்குபவரே தயாரிப்பாளர். தமிழ் வாசகருக்கு இச்சொல் திரைப்பட முதலாளியை நினைவூட்டும் என்பதால் 'இசைத்தயாரிப்பாளர்' என்று எழுதுகிறேன்.

நியூயார்க்கில் ஒலிநாடா

மறுகலவையின் முன்னோடி வடிவம் ஜமைக்காவுடையது. 1960களின் இறுதியில், குரல் நீக்கப்பட்ட பாடல்களைத் தெரு ஒலிபெருக்கிக் குழுக்கள் இசைக்கத் தொடங்கின. கிங் டப்பி 1970களில் கலவைப் பலகையையே வாத்தியமாக்கினார். நியூயார்க்கில் இது வேறொரு தேவையிலிருந்து எழுந்தது. நடனக்கூடத்தில் மூன்று நிமிடப் பாடல் போதவில்லை. டாம் மோல்டன் பாடல்களை நீட்டிக் கலக்கும் முறையை நிலைநிறுத்தினார். 1976இல் சால்சோல் நிறுவனம், டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாடலை வால்டர் கிப்பன்ஸ் என்னும் இளம் டி.ஜே.யிடம் கொடுத்தது. அவர் அதை ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீட்டினார். கடையில் விற்கப்பட்ட முதல் பன்னிரண்டு அங்குலத் தனிப்பாடல் தட்டு அதுவே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி.

இங்கே கவனிக்க வேண்டியது, கிப்பன்ஸ் அந்தப் பாடலை எழுதியவர் அல்லர், பாடியவர் அல்லர், பதிந்தவரும் அல்லர். இரவில் ஆடுவோரின் கால்களைப் பார்த்துப் பார்த்து அவர் கற்ற அறிவுக்காகவே நிறுவனம் அவரை நாடியது. கூடத்தின் அறிவு நிறுவனத்துக்குச் சென்றது. நிறுவனத்தின் ஒலிநாடா சில மணி நேரம் கூடத்தின் கைக்கு வந்தது. பண்டமாற்றுப் போன்ற இந்த ஏற்பாட்டில், பாடலின் உரிமை மட்டும் ஓர் அங்குலமும் நகரவில்லை. மறுகலவையாளருக்குக் கூலி உண்டு, பங்கு இல்லை என்பதே பிற்காலத்திலும் பெருவழக்காக நீடித்தது.

பிரான்சில் பிறந்து நியூயார்க்குக்கு வந்த பிரான்சுவா கெவோர்கியன் 1978 முதல் பிரெலூட் நிறுவனத்துக்காக இப்பணியைச் செய்தவர். பின்னர் கிராஃப்ட்வெர்க்கின் 'எலக்ட்ரிக் கஃபே' (1986) தொகுப்பின் கலவையிலும், டெபெஷ் மோட் குழுவின் 'வயலேட்டர்' (1990) தொகுப்பின் கலவையிலும் பங்கேற்றார். நடனக்கூடத்திலிருந்து பெருநிறுவன ஒலிக்கூடத்துக்குச் சென்ற இவரை எவரும் துரோகி என்று சொன்னதாக இக்கட்டுரையாளர் காணவில்லை. அன்றைய நியூயார்க்கில் 'நிலத்தடி' என்பது இரவு விடுதியின் சுவருக்குள் இருந்த ஒரு வாழ்க்கை. இசைத்தட்டின் மீது ஒட்டப்படும் தகுதிச்சீட்டாக அது இன்னும் மாறவில்லை. சிகாகோவின் வேர்ஹவுஸ் கூடத்தில் 1977 முதல் இசைத்த ஃபிராங்கி நக்கிள்ஸ் நிலையும் இதுவே. ஹவுஸ் இசை என்னும் பெயரே அக்கூடத்தால் வந்தது என்பர். அவரே 1998இல், ஆண்டின் சிறந்த மறுகலவையாளருக்கான முதல் கிராமி விருதைப் பெற்றார்.

டெட்ராய்ட்டின் வானொலி

டெட்ராய்ட்டின் கதை வேறு. 1950இல் ஏறத்தாழ 18.5 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில், 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 9.5 லட்சம் பேரே இருந்தனர். கார்த் தொழிற்சாலைகளின் வீழ்ச்சி பலரும் அறிந்தது. இசை வரலாற்றுக்கு அதைவிட முக்கியமான வெளியேற்றம் ஒன்று உண்டு. 1959இல் அந்நகரில் தொடங்கப்பட்ட மோடவுன் நிறுவனம் 1972இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்தது, 1988இல் எம்.சி.ஏ. நிறுவனத்துக்கு 6.1 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஒரு நகரின் கறுப்பின மக்கள் பாடிய பாட்டெல்லாம், அந்நகரில் எவருக்கும் சொந்தமில்லாத ஒலிநாடாக்களாக வேறிடம் சேர்ந்தன. பின்னாளில் டெட்ராய்ட் இசைத்தயாரிப்பாளர்கள் ஒலிநாடாவை விட்டுக்கொடுக்க மறுத்ததன் பின்னே இந்த நினைவு இருக்கிறது என்றே கருதுகிறேன்.

டெக்னோ இசையை உருவாக்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் நகருக்கு வெளியே பெல்வில் என்னும் சிற்றூரில் பள்ளித்தோழர்கள். அவர்களது இசைப்பள்ளி வானொலி. 'தி எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்னும் பெயரில் இரவு நிகழ்ச்சி நடத்திய சார்லஸ் ஜான்சன், பார்லிமென்ட், பிரின்ஸ், கிராஃப்ட்வெர்க், பி-52ஸ் ஆகியோரை இன வேறுபாடோ வகை வேறுபாடோ பாராமல் அடுத்தடுத்து ஒலிபரப்பினார். ஆகவே டெக்னோ, வெகுசன இசையைப் புறக்கணித்துப் பிறந்தது அன்று. வானொலியில் வந்த வெற்றிப்பாடல்களைக் கேட்டே பிறந்தது. டெக்னோவை ஜார்ஜ் கிளின்டனும் கிராஃப்ட்வெர்க்கும் ஒரே மின்தூக்கியில் அகப்பட்டுக்கொண்ட நிலைக்கு டெரிக் மே ஒப்பிட்டதாகப் பரவலாக வழங்கும் கூற்றும் இதையே காட்டுகிறது. கிராஃப்ட்வெர்க் யாருடைய மூதாதையர் என்னும் கேள்வி பின்னர் மீண்டும் வரும்.

1988இல் இங்கிலாந்தின் வர்ஜின் நிறுவனத்தின் கிளையாகிய டென் ரெக்கார்ட்ஸ், இவர்களின் இசையைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் டெக்னோ என்னும் பெயர் உலகறிந்தது. அதே ஆண்டு சாண்டர்சன், வீ பாபா கேர்ள் ராப்பர்ஸ் என்னும் லண்டன் இரட்டையரின் 'ஹீட் இட் அப்' பாடலை மறுகலவை செய்தார். பாடலை நீட்டுவதோடு அவர் நிற்கவில்லை. பாட்டின் கட்டமைப்பையே விலக்கி, குரலிலிருந்து சில துணுக்குகளை மட்டும் எடுத்து, தன் சொந்தத் தாளத்தின்மேல் வைத்தார். கிப்பன்ஸ் வீட்டை விரிவாக்கியவர் என்றால், சாண்டர்சன் வாசற்கதவை மட்டும் வைத்துக்கொண்டு வேறு வீடு கட்டியவர். 1990களின் மறுகலவைகள் பலவும் இந்த வழியில்தான் சென்றன. மறுகலவை யாருடைய படைப்பு என்னும் ஐயமும் இங்கேதான் கூர்மையடைகிறது.

மறுவருடம், 1989இல், 'தி ஃபேஸ்' என்னும் லண்டன் இதழ் டெபெஷ் மோட் குழுவை டெட்ராய்ட்டுக்கு அழைத்துச் சென்று டெரிக் மேயைச் சந்திக்க வைத்தது. அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்த வெள்ளை ஆங்கிலேய இளைஞர்கள் ஒருபுறம், தம் நகரிலேயே அதிகம் அறியப்படாத கறுப்பின இளைஞர் ஒருபுறம். யார் மூலம், யார் நகல் என்பதை இதழின் பக்கங்கள் முடிவு செய்யத் தொடங்கிய காலம் அது.

மறுகலவைக் கூலி

1990களில் பிரித்தானியத் தனிப்பாடல் சந்தை மறுகலவையால் நிரம்பியது. ஒரே பாடல் பல வடிவங்களில், பல கலவைகளோடு வெளிவந்தது; எல்லா வடிவங்களின் விற்பனையும் ஒரே பாடலின் கணக்கில் சேர்ந்தது. ஆகவே நடனக்கூடத்துக்கு ஒன்று, வானொலிக்கு ஒன்று, வீட்டில் கேட்போருக்கு ஒன்று எனக் கலவைகளைப் பெருக்குவது வணிக உத்தியாயிற்று. எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவின் 'மிஸ்ஸிங்' (1994) முதலில் அடங்கிய ஒரு மென்பாடல். நியூயார்க்கின் டாட் டெர்ரி அதன்கீழ் ஹவுஸ் தாளத்தை வைத்த பின்னரே அது உலகை வலம் வந்து அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. டோரி எமோஸின் 'புரொஃபெஷனல் விடோ' பாடலை ஆர்மண்ட் வான் ஹெல்டன் மறுகலவை செய்தபோது, பியானோவும் பாட்டின் பெரும்பகுதியும் மறைந்து சில சொற்களே எஞ்சின. 1997 சனவரியில் அது பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. அட்டையில் பாடகியின் பெயர். ஆடியவர்கள் கேட்டதோ வான் ஹெல்டனின் பாஸ் ஒலி.

இச்சூழலில்தான் 'விலைபோனவர்' என்னும் குற்றச்சாட்டு வலுத்தது. ரிச்சர்ட் டி. ஜேம்ஸ், அதாவது அஃபெக்ஸ் ட்வின், இக்குற்றச்சாட்டை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு அதன் பல்லைப் பிடுங்கியவர். தம் மறுகலவைகளைத் தொகுத்து 2003இல் வார்ப் நிறுவனம் வழியே வெளியிட்டபோது, பணத்துக்காகச் செய்த 26 கலவைகள் என்று பொருள்படும்படி பெயரிட்டார். லெமன்ஹெட்ஸ் குழுவுக்கான கலவையைச் செய்ய மறந்துவிட்டு, வாங்க வந்த ஆளிடம் அலமாரியில் கிடந்த ஏதோ ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தனுப்பினார் என்றொரு கதையும் அவரைப்பற்றி வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, அது ரசிகர்களிடையே பெருமிதத்தோடு சொல்லப்பட்டது என்பதே நமக்குச் சான்று. பெருநிறுவனத்தை ஏமாற்றிக் கூலி வாங்குவது குற்றமன்று, விசுவாசத்தோடு உழைத்துக் கூலி வாங்குவதே குற்றம் என்னும் விசித்திர அறம் அதில் பொதிந்துள்ளது.

இந்த அறத்தை ஆராய்ந்தவர் சேரா தார்ன்டன். 'கிளப் கல்ச்சர்ஸ்' (1995) நூலில் அவர், பியர் பூர்தியுவின் பண்பாட்டு மூலதனம் என்னும் கருத்தாக்கத்தைப் பின்பற்றி, நடனக்கூட இளைஞர்களிடையே நிலவும் 'துணைப்பண்பாட்டு மூலதனம்' பற்றிப் பேசினார். 'வெகுசனம்' என்பது பெரும்பாலும் உள்வட்டத்தார் தம்மை உயர்த்திக்கொள்ளக் கற்பித்துக்கொண்ட மற்றமை என்பது அவர் வாதம். அந்தக் கற்பிதக் கூட்டத்துக்குப் பெண்முகம் கொடுக்கப்பட்டதையும் அவர் காட்டினார்: கைப்பையைத் தரையில் வைத்துச் சுற்றி ஆடும் உழைக்கும் வர்க்கப் பெண்களே ஏளனத்துக்கு இலக்காயினர். டெர்ரியின் கலவையையும் வான் ஹெல்டனின் கலவையையும் முதலிடங்களுக்கு உயர்த்தியோரில் இப்பெண்கள் இருந்திருப்பர். அவர்களது செவியை எந்த இதழும் அசல் என்று சொல்லவில்லை.

தார்ன்டனின் பகுப்பாய்வு லண்டனுக்குப் பொருந்தும் அளவு டெட்ராய்ட்டுக்குப் பொருந்தாது. லண்டன் இளைஞர் இழக்கக்கூடியது மதிப்பு. டெட்ராய்ட் இசைத்தயாரிப்பாளர் இழக்கக்கூடியது மதிப்போடு வாடகைப் பணமும்.

ஜாகுவார்

யு.ஆர். குழுவை ஜெஃப் மில்ஸும் மைக் பேங்க்ஸும் தொடங்கினர். ராபர்ட் ஹூட் உடனிருந்தார். 1990இல் அதன் முதல் தட்டு வந்தது. முகத்தைத் துணியால் மறைத்தும், புகைப்படங்களைத் தவிர்த்தும், போராளிக் குழுவின் தோற்றத்தைத் தமக்கு அளித்துக்கொண்டனர். 1992இல் வெளியிட்ட ஒரு தட்டுக்குப் 'பெரிய நிறுவனங்களுக்கு ஒரு செய்தி' என்னும் பொருளில் பெயரிட்டனர். அதே ஆண்டில் சப்மெர்ஜ் என்னும் விநியோக நிறுவனமும் தொடங்கப்பட்டது. முகமூடியைப் பற்றி எழுதியோர் பலர். சப்மெர்ஜ் பற்றி எழுதியோர் சிலரே. தட்டை அச்சிட்டு, பெட்டியில் அடைத்து, கடல்கடந்த கடைகளுக்கு அனுப்பி, பணத்தை நகருக்குள் திரும்பக் கொண்டுவரும் அந்தச் சலிப்பூட்டும் வேலைதான், என் கணிப்பில், யு.ஆரின் உண்மையான கலகம். முகமூடியோ நாளடைவில் தானே ஒரு வணிகச் சின்னம் ஆயிற்று.

ஜெர்மனியோடு அவர்களுக்குப் பகை இல்லை. பெர்லினின் டிரெசர் நிறுவனம் 1991இல் வெளியிட்ட முதல் தட்டே எக்ஸ்-101 என்னும் பெயரில் யு.ஆர். கலைஞர்கள் உருவாக்கியது.

1999இல் 'நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்' தட்டு வந்தது. தட்டில் 'தி ஆஸ்டெக் மிஸ்டிக்' என்னும் புனைபெயர் பூண்ட டி.ஜே. ரோலாண்டோ, டெட்ராய்ட்டின் தென்மேற்கே மெக்சிகோ வழிவந்த மக்கள் வாழும் பகுதியைச் சேர்ந்தவர். 'ஜாகுவார்' பாடல் அன்று. அதில் சொற்கள் இல்லை. லத்தீன் சாயல் கொண்ட தாளத்தின் மேல், நரம்புக் கருவிகளை ஒத்த சிந்தசைசர் மெட்டொன்று மெல்ல எழுந்து வளர்கிறது. வானொலி ஆதரவின்றியே ஐரோப்பிய நடனக்கூடங்களில் அது பரவியது.

பெருநிறுவனத்துக்கு இது வேண்டியிருந்தது. உரிமம் கிடைக்காத நிலையில், சோனியின் ஜெர்மானியக் கிளை வேறு வழியை நாடியது. அவ்வழி 'சுரத்துக்குச் சுரம்' மறுபதிவு. இச்சொல்லாட்சி தற்செயலானதன்று. பதிப்புரிமை, பொதுவாக, இசையமைப்பு வேறு, ஒலிப்பதிவு வேறு என்று பிரிக்கிறது. பிறர் ஒலிப்பதிவை இசைவின்றி எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஏற்கெனவே வெளியான இசையமைப்பையோ, மாற்றாமல் அப்படியே மீண்டும் பதிவதற்குப் பல நாடுகளில் உரிய தொகையைச் செலுத்தினால் போதும். மாற்றினால்தான் ஆசிரியரின் தனி இசைவு வேண்டும். அதாவது சட்டத்தின் கண்ணில், நகல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு பாதுகாப்பு. இந்திய வாசகருக்கு இது புதிதன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருந்த இத்தகைய ஏற்பாட்டைக்கொண்டே 1980களில் டி-சீரிஸ் நிறுவனம் பழைய இந்தித் திரைப்பாடல்களைப் புதிய குரல்களில் பதிந்து மலிவு விலை ஒலிநாடாக்களாக விற்றது. பீட்டர் மானுவல் தம் 'கேசட் கல்ச்சர்' (1993) நூலில் இதை விரிவாக எழுதியுள்ளார்.

யு.ஆர். இணையவழி முறையிட்டது. எதிர்ப்பு மின்னஞ்சல்கள் குவிந்தன, சோனி பின்வாங்கியது. பின்னர் பி.எம்.ஜி. நிறுவனமும் இவ்விவகாரத்தில் வந்து சேர்ந்தது. இதற்கு யு.ஆர். அளித்த இசை வழியான மறுமொழி சட்ட வழியானதைவிடச் சுவையானது. 'ரிவெஞ்ச் ஆஃப் த ஜாகுவார்' என்னும் பெயரில் தன் இசைப்பதிவைத் தானே மறுகலவைக்கு உட்படுத்தியது. கலந்தோர் ஜெஃப் மில்ஸ், ஆக்டேவ் ஒன் முதலிய நகரத்தவர். நகலெடுக்க வந்தவர்க்கு, எது மறுகலவை, யார் அதைச் செய்யத் தக்கவர் என்று காட்டியது போலிருந்தது அது. 2000ஆம் ஆண்டில் 'ஜாகுவார்' பிரித்தானியப் பட்டியலின் முதல் ஐம்பது இடங்களுக்குள்ளும் நுழைந்தது. ஆக்டேவ் ஒன் சகோதரர்களின் டெட்ராய்ட் நிறுவனமாகிய 430 வெஸ்ட் வழியே. பட்டியலில் ஏறுவது அசல்தன்மைக்கு இழுக்கு என்றால், இப்போராட்டத்துக்கே பொருளில்லை. யு.ஆர். மறுத்தது வெற்றியை அன்று.

எதிர்ப்பில் கலந்துகொண்டோர் அனைவரும் இதை இவ்வாறே புரிந்துகொண்டனர் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஆர்வலர் பலருக்கு அது நிலத்தடி இசையின் கற்பு பற்றிய விவகாரம்: புனிதமான டெக்னோவை மலினமான டிரான்ஸ் இசையாக்கிவிட்டார்கள் என்னும் கொதிப்பு. டெட்ராய்ட்டில் அது திருட்டு பற்றிய விவகாரம். இருவரும் ஒரே மடலில் கையெழுத்திட்டனர். ஒன்றையே எதிர்த்தனர் என்பதில்லை.

எக்ஸ்போ 2000

ஹனோவர் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காகக் கிராஃப்ட்வெர்க் உருவாக்கிய, சில விநாடிகளே நீளும் ஓர் இசைத்துணுக்குக்கு நான்கு லட்சம் மார்க் கொடுக்கப்பட்டது ஜெர்மனியில் சர்ச்சைக்குள்ளாயிற்று. அத்துணுக்கிலிருந்து வளர்ந்த 'எக்ஸ்போ 2000' தனிப்பாடல் 1999 டிசம்பரில் வந்தது. நடனக்கூடத்துக்கு ஏற்ற விசை அதில் இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. 2000 நவம்பரில் வந்த மறுகலவைத் தொகுப்பில் ஆர்பிட்டல், டி.ஜே. ரோலாண்டோ, யு.ஆர். ஆகியோரோடு, ராப் ரைவ்ஸுடன் இணைந்து பிரான்சுவா கெவோர்கியனும் இருந்தார். 1970களின் நியூயார்க்கும் 1990களின் டெட்ராய்ட்டும் ஒரே தட்டில்.

'ஜாகுவார்' விவகாரத்தின் வடிவம் இங்கே தலைகீழாகிறது. அங்கே கேட்காமல் எடுத்தனர். இங்கே கேட்டு அழைத்தனர். அங்கே செய்தவர் பெயர் மறைய, சுரங்கள் மட்டும் எடுத்துச் செல்லப்பட இருந்தன. இங்கே பெயர் அட்டையில் நின்றது. அங்கே துல்லியமே நோக்கம். இங்கே மாற்றமே நோக்கம். பெருநிறுவனம் இரண்டிலும் உண்டு. ஆகவே பெருநிறுவனம் இருப்பதோ இல்லாததோ இரண்டையும் பிரிக்கும் கோடாக இருக்க முடியாது.

கிராஃப்ட்வெர்க் மூதாதையர் என்பதால் யு.ஆர். விதிவிலக்களித்தது என்று சிலர் விளக்கலாம். உணர்வளவில் அது மெய்யாக இருக்கக்கூடும். மோஜோவின் வானொலியை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் மூதாதையரும் தம் ஒலிநாடாவை இறுகப் பிடித்திருந்தவர்களே. அவர்களது 'மெட்டால் அவுஃப் மெட்டால்' (1977) பதிவிலிருந்து எடுத்த இரண்டு விநாடித் தாளத்துணுக்கு 1997இல் ஒரு ஜெர்மானிய ராப் பாட்டில் இடம்பெற்றதை எதிர்த்து அவர்கள் தொடுத்த வழக்கு, ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றத்துக்கு 2016இலும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு 2019இலும் சென்றது. 1982இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்', கிராஃப்ட்வெர்க்கின் மெட்டையும் தாளத்தையும் மீண்டும் வாசித்துப் பயன்படுத்தியது. பின்னர் அதற்குப் பணம் செலுத்த நேர்ந்தது. அதுவும் ஒருவகை மறுபதிவே என்பது யு.ஆர். ஆதரவாளர்க்குச் சற்றுச் சங்கடமான செய்தி. கேட்காமல் எடுத்தல் என்னும் அளவுகோலை எல்லோர்க்கும் ஒன்றுபோல் வைத்தால், ஹிப்ஹாப்பின் பெரும்பகுதியும் தொடக்கக்கால டெக்னோவின் ஒரு பகுதியும் அதில் தேறா. எடுத்தவர் யார், அவரிடம் எவ்வளவு இருந்தது, எடுக்கப்பட்டவர் எதை இழந்தார் என்பனவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டியுள்ளது. அந்த எடைக்கல்லைச் சட்டம் தரவில்லை. இசை வட்டங்களின் 'அசல்' என்னும் சொல், தெளிவில்லாமலேயே, அந்த வேலையைச் செய்துவந்தது.

யு.ஆரின் கலவை கிராஃப்ட்வெர்க்கின் பாடலுக்கு விசையூட்டியதோடு நில்லாமல், டெட்ராய்ட்டையும் ஜெர்மனியையும் இணைத்துச் சொல்லும் புதிய சொற்களையும் அதில் சேர்த்தது. கிராஃப்ட்வெர்க் அதை ஏற்றுக்கொண்டது. 2002 முதலான கச்சேரிகளில் அக்குழு வாசித்தது தன் பழைய வடிவத்தை அன்று, யு.ஆர். கலவையைத் தழுவிய வடிவத்தை. 2005இல் வெளிவந்த 'மினிமம்-மேக்சிமம்' நேரடிப் பதிவுத் தொகுப்பில் அது 'பிளானட் ஆஃப் விஷன்ஸ்' என்னும் பெயரில் இடம்பெற்றுள்ளது. பேரரங்குகளில் கிராஃப்ட்வெர்க் நால்வரும் அசையாமல் நின்று அதை வாசிக்கையில், இயந்திரக் குரலில் டெட்ராய்ட்டின் பெயர் ஒலிக்கிறது.